பூசையா, காட்சியா

என் மனைவி அப்போலோனியா சாவதற்கு முன்னால் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. பழைய பூசை வேண்டும். இலத்தீனில், கறுப்பு உடுப்பு போட்ட குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று செய்யும் பூசை. “கிட்டார் வந்துதுன்னா நான் எழுந்து போயிடுவேன்” என்றாள். எழுந்து போகக்கூடிய நிலையில் அவள் இல்லை. நான் சரி என்றேன்.

அடக்கத்தன்று கிட்டார் வந்தது. இரண்டு கிட்டார். பங்குக் குருவானவர் வெள்ளை உடுப்பில் வந்து, இது துக்கம் இல்லை, ஒரு வாழ்க்கையின் கொண்டாட்டம் என்றார். பீடத்துக்கு முன்னால் திரையை இறக்கிப் போலாவின் புகைப்படங்களை ஓட்டினார்கள். போலா என்றுதான் ஊரில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். ஸ்தாரி ப்ரோட் ஊரின் ஒரே சினிமாக் கொட்டகையில் முப்பத்தொரு வருஷம் படம் ஓட்டியவன் நான்; டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள். திரையில் அவள் முகம் மங்கலாக, ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது. ஃபோகஸ் சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் அழப்போகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அழுகையோ கோபமோ ஒழுங்காக வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அது உள்ளேயும் வந்துவிட்டது.

சினிமா ஓட்டியவனுக்கு எதற்குப் பழைய பூசை என்று கேட்கிறவர்கள் உண்டு. படம் ஓட்டுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவன் ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று ஜனங்களுக்கு ஞாபகம் வந்தால் ஃபிலிம் அறுந்துவிட்டது என்று அர்த்தம். குருவானவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கவேண்டும் என்பது என் கட்சி. இப்போதெல்லாம் அவர் நம் பக்கம் திரும்பி நின்று, சிரித்து, மழை வருமா என்று சொல்லி, நேற்றைய கால்பந்தில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லி, அதற்கப்புறம்தான் கடவுளிடம் வருகிறார். கடவுளும் காத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

முதலாம் ஆண்டு நினைவு பிப்ரவரி பத்தொன்பதில். அதற்காவது அவள் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று செப்டம்பரிலேயே மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வழிபாட்டுப் பிரிவில் என் மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். இலத்தீன் பூசை இப்போது வழிபாட்டில் வராதாம். மரச் சிற்பம், ஓடாத கடிகாரம், பூவேலை செய்த துணி இவற்றோடு சேர்த்து அதையும் பாரம்பரியப் பொருளாக்கி, நவீனப் பண்பாட்டு உரையாடல் அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இரண்டாம் மாடி.

இரண்டாம் மாடியில் நாற்காலி கிடையாது. தரையில் மூட்டை மூட்டையாக ஏதோ கிடந்தது, அதில்தான் உட்காரவேண்டும். எனக்கு எழுபத்திரண்டு வயது. உட்கார்ந்தேன். எதிர் மூட்டையில் அலுவலகத்தின் இயக்குநர் ஃபாதர் கிராட்சியன், முழங்கால் காதைத் தொடும்படி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். காலில் ஆரஞ்சு நிற ஓட்டக் காலணி.

“பிரதர், முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஆபீஸ்ல ‘இல்லை’ங்கிற வார்த்தையே கிடையாது.”

“அப்ப அனுமதி கிடைச்சிடுமா ஃபாதர்?”

“கிடைக்காதுன்னு நாங்க சொல்லவே மாட்டோம். உங்க கூடவே நடப்போம்.”

“எங்க?”

“அனுமதியை நோக்கி.”

“எவ்ளோ தூரம் ஃபாதர்?”

“பாத்தீங்களா, தூரத்தைப் பத்திக் கேக்கறீங்க. அதுதான் பழைய மனநிலை.”

அவர் என் மனுவை எடுத்து ஒரு வரியைத் தொட்டார். “கறுப்பு உடுப்புன்னு எழுதியிருக்கீங்க. கறுப்பு சில பேருக்குச் சோகத்தை ஞாபகப்படுத்தும் பிரதர்.”

“செத்தவங்களுக்கு வைக்கிற பூசை ஃபாதர்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஏற்கெனவே சோகமா வந்திருப்பாங்க.”

பதினான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். செயலாளர் சிஸ்டர் யூலிட்டா என் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து நிரப்ப உதவினார். ஒன்பதாவது கேள்வி: ‘இறந்தவர் தமக்கு இலத்தீன் பூசையில் நாட்டம் இருப்பதை எந்த வயதில் உணர்ந்தார்? அதை வெல்ல எடுத்த முயற்சிகள் யாவை?’ இல்லை என்று எழுதினேன். அந்த வார்த்தை இங்கே கிடையாது என்று சிஸ்டர் அடித்துவிட்டு, ‘பயணத்தில் இருந்தார்’ என்று எழுதினார். மூட்டையிலிருந்து என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

படிவத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ‘விசுவாசமும் சினிமாவும்’ என்று அவர்கள் வியாழன்தோறும் நடத்தும் வட்டத்தில் நான்கு தடவை உட்காரவேண்டும். கூட்டம் எங்கள் கோவிலிலேயே நடந்தது. பீடத்துக்கு முன்னால் அதே திரை. சேசுநாதரின் நற்கருணை இருக்கும் பெட்டி திரைக்குப் பின்னால் போய்விட்டதால், மண்டியிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் பாதி மடங்கி நின்றேன். யாரோ முதுகு பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்கள்.

முதல் வியாழன் காட்டிய படத்தில் ஒரு லிஃப்ட் மூன்று மணி நேரம் ஏறி இறங்கியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள், யாரும் பேசவில்லை. முடிவில் லிஃப்ட் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டபோது ஃபாதர் கிராட்சியனின் கண் கலங்கியிருந்தது.

“எவரிஸ்ட் பிரதர், நீங்கதான் சினிமாவுலயே வாழ்ந்தவரு. சொல்லுங்க. அந்த லிஃப்ட் யாரு?”

“லிஃப்ட் ஃபாதர்.”

“இன்னும் கொஞ்சம் ஆழமா.”

“ரிப்பேரான லிஃப்ட்.”

“பிரதர், அது கீழ இறங்கி வருது. எல்லாரையும் ஏத்துக்குது. எல்லாரையும் மேல தூக்குது. கடைசியில கைவிடப்பட்டு நிக்குது. யாரு?”

சுற்றிலும் இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். சேசுநாதர் என்று சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த வாரம் படத்தில் ஒரு நாய் வந்தது, அதுவும் சேசுநாதர். மூன்றாவது வாரம் ஒரு வட்டிக்கடைக்காரன். நான்காவது வாரம் ஃபாதர் கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன். நான் நல்ல படம், மட்டமான படம், முத்தம் கொடுக்கிற படம் எல்லாம் ஓட்டியவன். எதன் மீதும் எனக்குப் புகார் இல்லை. உண்மையிலேயே அவர் இருக்கிற பெட்டியைத் திரை போட்டு மறைத்துவிட்டு லிஃப்டில் அவரைத் தேடுகிறார்களே என்றுதான் இருந்தது. அதையும் கோபமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஜனவரியில் பதில் வந்தது. ‘அனுமதி தரப்படாத நிலையில் தங்கள் பயணம் அழகாக நிறைவுற்றது’ என்று எழுதி, ஒரு காட்டுப்பாதையின் படம் போட்ட சான்றிதழையும் வைத்திருந்தார்கள். சமையலறை மேசையில் அதை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன். அவள் கேட்ட ஒரே விஷயம், அதுவும் இல்லை என்றாகிவிட்டது. உருளைக்கிழங்கு வெந்ததும் சாப்பிட்டேன்.

அந்த வாரம்தான் சினிமாக் கம்பெனி ஊருக்குள் வந்தது. லிடியா துரெக் என்ற பெண் இயக்குநர். நூறு வருஷம் முந்தைய கதை; ஒரு பண்ணையாரின் விதவை, புருஷனின் இறந்தோர் பூசையிலேயே கொழுந்தனைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். அதற்கு ஒரு பழைய இலத்தீன் பூசை வேண்டும். எங்கள் கோவில் வேண்டும். லிடியா காலையில் இரண்டாம் மாடிக்குத் தொலைபேசியில் பேசினாள். மத்தியானம் அனுமதி வந்துவிட்டது.

எங்கள் பங்கின் கறுப்புப் பூசை உடுப்பு இருபது வருஷமாக மறைமாவட்ட அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் கேட்டபோது, வெளிச்சம் பட்டால் நூல் இற்றுப்போகும் என்றார்கள். இப்போது அதை வெள்ளித்தாளில் சுற்றி வண்டியில் அனுப்பிவைத்தார்கள். சவப்பெட்டிக்குப் பதிலாக நடுக்கோவிலில் நிறுத்தும் மரக்கூடு வந்தது. மஞ்சள் மெழுகுத்திரி ஆறு வந்தது. கிட்டார்களையும் திரையையும் பின்னறையில் போட்டுப் பூட்டினார்கள். ஐந்து மாதம் நடந்தும் நான் பார்க்க முடியாத கோவிலை அந்தப் பெண் ஒரே தொலைபேசியில் பார்த்துவிட்டாள்.

ஃபாதர் கிராட்சியனே என்னை அவளிடம் கூட்டிப்போனார். “இவரு நம்ம பயணத்துல இருந்தவரு. பழைய பூசை இவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆலோசகரா வெச்சுக்குங்க” என்றார். என் தோளைத் தட்டி, “பாருங்க பிரதர், உங்க அறிவு வீண் போகல” என்றார்.

குருவானவராக நடிக்க வந்தவன் அழகான பையன். பூசைப் பாத்திரத்தைப் பீர்க் குவளை மாதிரி பிடித்தான். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தும் வாயில் இலத்தீன் நுழையவில்லை. லிடியா தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ஐயா, எனக்கு நிஜமான கை வேணும். இதைச் செஞ்சு செஞ்சு பழகின கை. அப்படி யாராவது உயிரோட இருக்காங்களா?”

ஒருவர் இருந்தார். ஹியரோனிம் சாமி. எண்பத்தாறு வயது. பழைய முறையில் குருப்பட்டம் வாங்கியவர், சின்ன வயதில் எனக்கு முதல் நற்கருணை கொடுத்தவர், ஓய்வு பெற்ற குருக்கள் இல்லத்தில் தனி அறையில் இருந்தார். நான் போனபோது ரவைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“என்னை நடிக்கச் சொல்றியா?”

“ஆமா சாமி.”

“பூசை மாதிரி செஞ்சு காட்டறது பாவம்ப்பா. சின்னக் குருமடத்துலயே சொல்லிக்குடுத்துட்டாங்க. செஞ்சா நிஜமாத்தான் செய்யணும், ஆரம்பிச்சா முடிக்கணும். எனக்கு அரைகுறையா செய்யவும் தெரியாது.”

“நிஜமாச் செய்ய அனுமதி இல்லியே சாமி.”

“நானா கேட்டேன் அனுமதி? கோவிலைத் தொறந்து விட்டுட்டாங்க. உடுப்பு குடுத்துட்டாங்க. மெழுகுத்திரி குடுத்துட்டாங்க. ஆளைத்தான் தேடறாங்க. நான் போய்ப் பூசை வெச்சா யாரு குத்தம்?” கஞ்சிக் கிண்ணத்தை வழித்தார். “எத்தனாம் தேதி?”

“யாருக்காக ஒப்புக்குடுப்பீங்க சாமி?”

மடையனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். “போலாவுக்குத்தான். அந்தப் பண்ணையார் எங்க செத்தான்? அவன் பொறக்கவே இல்ல.”

எந்தத் தேதியில் எடுக்கலாம் என்று லிடியா ஆலோசகரைக் கேட்டாள். பிப்ரவரி பத்தொன்பது என்றேன். அன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருக்குமா என்றாள். இருக்கும் என்றேன்.

அன்று காலை கோவிலுக்குள் எட்டுப் பெரிய விளக்குகள், தரை முழுக்க வயர், கறுப்புத் தொப்பி வைத்த நாற்பது துணை நடிகர்கள். எல்லோரும் எங்கள் ஊர் ஜனங்கள்தான். வியாழக்கிழமை லிஃப்டுக்குக் கை தட்டியவர்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். பீடத்துக்குப் பின்னால், ஹியரோனிம் சாமியின் முகத்துக்கு நேராக ஒரு காமெரா. நான் பீடச் சேவைக்காரன் வேஷத்தில் அவருக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் அவரே இல்லத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். கலை இயக்குநரின் பிளாஸ்டிக் அப்பத்தை அங்கியின் பையில் போட்டுக்கொண்டார்.

லிடியாவுக்குத் தேவைப்பட்டது எழுந்தேற்றம் மட்டும்தான், அப்பத்தையும் பாத்திரத்தையும் உயர்த்திக் காட்டுகிற இடம். அரை நிமிஷம். ஆனால் சாமி பீடத்தின் அடியில் நின்று சிலுவை போட்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். உதவி இயக்குநர் நிறுத்தப் போனான். லிடியா கையை நீட்டித் தடுத்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே போனேன். எந்த இடத்தில் மண்டியிடுவது என்று துணை நடிகர்களுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்து மண்டியிட்டார்கள். இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லும் மன்றாட்டு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டேன். சரியாக அந்த நேரத்தில் சத்தம் பார்க்கிற ஆள் ஆர்கன் இசையைப் போட்டுவிட்டான். பெயர் அதில் போய்விட்டது.

எழுந்தேற்றம் வந்தது. மணி அடித்தேன். அப்பம் விளக்கு வெளிச்சத்தில் உயர்ந்தது. பிறகு பாத்திரம்.

“கட்! பிரமாதம்! பிரமாதம்!”

துணை நடிகர்கள் எழுந்து முழங்காலைத் தேய்த்தார்கள். காப்பி வந்தது. ஒருத்தி பவுடர் பஞ்சோடு பீடத்தின் படியேறி ஹியரோனிம் சாமியின் நெற்றியை ஒற்றினாள். அவர் நிறுத்தவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் அவள் பஞ்சை மறைத்துக்கொண்டு நுனிக்காலில் இறங்கிப் போனாள். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். காப்பியைக் குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் வயதுக்குக் கஞ்சி குடித்ததே மறந்துபோகும். போலாவை ஞாபகம் வைத்திருக்கிறாரா என்று நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இருபது நிமிஷம் ஆயிற்று முடிய.

ஃபாதர் கிராட்சியன் காதில் மாட்டிய கருவியோடு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கன்னம் நனைந்திருந்தது.

“பிரதர், என்ன அழகு! என்ன அமைதி! இது நம்ம கோவில்கள்ல ஏன் கிடைக்க மாட்டேங்குது?”

“நான் மனு குடுத்தேன் ஃபாதர்.”

“குடுத்தீங்க. ஆனா அதுல காமெரா இல்லியே பிரதர்.”

லிடியா வந்து, தூரத்திலிருந்து ஒன்று எடுக்கவேண்டும், இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று ஹியரோனிம் சாமியிடம் பணிவாகக் கேட்டாள்.

“நாளைக்கு வரேன் பொண்ணு. ஒரு நாளைக்கு ஒண்ணுதான்.”

“ஃபாதர், இது நடிப்புதானே?” என்று கிராட்சியன் சிரித்தார். “பத்து தடவைகூடச் செய்யலாமே?”

“நீ செய்வே. எனக்கு ஒரு தடவைதான் வரும்” என்றார் ஹியரோனிம் சாமி. பாத்திரத்தைத் துடைத்து, உடுப்பைக் கழற்றி முத்தமிட்டு மடித்து வைத்தார். கிராட்சியனின் சிரிப்பு மெல்ல இறங்கியது. பீடத்தின் மேல் இருந்த திராட்சை ரசக் குப்பியை எடுத்து மோந்து பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மூட்டையில் மூன்று குருக்கள். நடுவில் கிராட்சியன். ஓரத்தில் சிஸ்டர் யூலிட்டா மடிக்கணினியோடு. என் முன்னால் ஒரு சுவிசேஷப் புத்தகமும் ஒரே ஒரு தாளும் இருந்தன. தாளில் இரண்டு கட்டம். ஒன்றில் ‘பூசை’, இன்னொன்றில் ‘காட்சி’.

“பிரதர், நாங்க யாரையும் தண்டிக்க விரும்பல. அதனாலதான் நீங்க சரியான கட்டத்துல டிக் போடணும்னு வேண்டிக்கறோம்” என்றார் கிராட்சியன்.

“எது சரியான கட்டம் ஃபாதர்?”

“அதை நாங்க சொல்ல முடியாது. உங்க மனசாட்சி. பூசைன்னு போட்டா அது அனுமதி இல்லாம நடந்த பூசை. ஹியரோனிம் ஃபாதர் இனிமே பூசையே வைக்க முடியாது. தன் ரூம்ல, கதவைச் சாத்திட்டுக்கூட. காட்சின்னு போட்டா ஒண்ணுமில்ல. சொல்லப்போனா இந்த வருஷ உரையாடல் விருதுக்கு அவரு பேரைத்தான் அனுப்பியிருக்கோம்.”

“அவரையே கேக்கலாமே?”

“கேட்டாச்சு. இலத்தீன்ல பதில் சொன்னாரு.” மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இங்க யாருக்கும் புரியல.”

“நீங்களும் அங்கதானே இருந்தீங்க ஃபாதர். முழுக்கப் பாத்தீங்களே.”

“பாத்தேன். அழக்கூடச் செஞ்சேன். ஆனா பூசைக்கும் நடிப்புக்கும் வெளியில இருந்து பாத்தா என்ன வித்தியாசம் பிரதர்? எங்களுக்குத் தெரியல. அதனாலதான் சாட்சி தேவைப்படுது.”

மற்ற இரண்டு குருக்களும் தலையாட்டினார்கள். சிஸ்டர் யூலிட்டா அதையும் தட்டெழுதினார்.

நான் சுவிசேஷத்தின் மேல் கை வைத்தேன். எழுபத்திரண்டு வருஷத்தில் திருச்சபையிடம் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லாதவன் என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ள என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. உண்மையை எழுதினால் போலாவுக்கு அவள் பூசை நிலைக்கும். இல்லத்தின் அந்தச் சின்ன அறையில் கிழவர் விடியற்காலையில் எழுந்து, தன் மேசையைப் பார்த்து நின்று, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார். அது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு நாளும் தவறாதவர். ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டார்.

‘காட்சி’யில் டிக் போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

“நல்லது பிரதர். நீங்க ரொம்ப வளந்துட்டீங்க” என்றார் கிராட்சியன். என்னை மூட்டையிலிருந்து அவரே தூக்கிவிட்டார்.

அந்த ஞாயிறு நான் நற்கருணை வாங்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. சுவிசேஷத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் எப்படி வாங்குவது? பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். யாரிடம் போவேன்? உரையாடல் விருது என்று ஒரு கண்ணாடி உருண்டையைக் குருக்கள் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் அங்கே போனேன். அந்த உருண்டை ஹியரோனிம் சாமியின் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்திருந்தது. அதை நகர்த்திக் கதவைச் சாத்தினார். நான் முழங்காலில் நின்றேன்.

“சாமி, உங்க பூசை பூசையில்லன்னு சத்தியம் பண்ணிட்டேன்.”

“தெரியும். விருது வந்துச்சே.”

“போலாவோட பூசை சாமி. அதை நடிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு அழுகைகூட வரல.”

“நீ எழுதினா அது நடிப்பாயிடுமா? கடவுள் என்ன இரண்டாம் மாடியில கேட்டா முடிவு பண்றாரு?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “ஆனா பொய் பொய்தான். எனக்காகச் சொன்னாலும் பாவம்தான். அதுக்காக மனஸ்தாபப்படறியா, மனசார வருந்தறியா?”

“படறேன். மறுபடி கேட்டாங்கன்னா மறுபடியும் அதையேதான் போடுவேன்.”

“அப்ப அது மனஸ்தாபமே இல்லியேப்பா.”

“வேற எப்படிப் படறதுன்னு தெரியல சாமி.”

எனக்குக் கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. “அன்னிக்கு அவ பேரைச் சொன்னீங்களா? எனக்குக் கேக்கல. அந்த ஆர்கன்காரன் கெடுத்துட்டான்.”

“தவம் சொல்றேன், கேட்டுக்கோ” என்றார். “அந்தப் படம் வெளிவந்ததும் போய்ப் பாரு.”

“சாமி, வேற ஏதாவது குடுங்க. அம்பத்தி மூணு மணி செபமாலை பத்து தடவை சொல்றேன்.”

“முழுப் படமும் பாக்கணும். நடுவுல எழுந்து வரக்கூடாது.” கையை உயர்த்தி இலத்தீனில் மன்னிப்பு வழங்கினார்.

படம் அக்டோபரில் வந்தது. எங்கள் கொட்டகை சோபா விற்கிற கடையாகிப் பல வருஷமாகிறது. பேருந்து ஏறி மாவட்டத் தலைநகரின் மாலுக்குப் போனேன். மத்தியானக் காட்சி. உள்ளே ஒன்பது பேர். இரண்டு மணி நேரத்தில் விதவை கொழுந்தனோடு எல்லாம் செய்தாள். தவம் என்பதால் எதையும் விடாமல் பார்த்தேன்.

பிறகு கோவில் வந்தது. லிடியா எழுந்தேற்றத்தை வைக்கவில்லை. கண்ணடிப்பது முடிந்ததும் ஹியரோனிம் சாமியின் முகம் திரை முழுக்க வந்தது. நெற்றியில் பாதி பவுடர். லிடியா கட் சொன்ன பிறகும் பின்னால் இருந்த காமெரா ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கைகளைக் குவித்து, கண்ணை மூடி, இறந்தவர்களை மௌனமாக நினைக்கிற இடத்தில் நிற்கிறார். மேலே வயலின் வைத்துவிட்டார்கள். குரல் இல்லை. உதடு மட்டும் அசைகிறது. வாய் திறந்து, மூடி, குவிந்து, மறுபடி குவிந்து, விரிகிறது. அப்போலோனியா. நாற்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவளின் முழுப் பெயர். அவசரப்படாமல், ஒவ்வோர் எழுத்தாக. பதினோரு வினாடி இருக்கும்.

நான் அழுதேன். மூக்கும் வாயும் ஒழுக, சத்தமாக அழுதேன். பூசை நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோமே என்று பட்டது. திரையில் ஓடுவதற்கு மண்டியிடக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. இரண்டு வரிசைக்கும் இடையில், சோளப்பொரி சிதறிய தரையில் இறங்கி மண்டியிட்டேன். அதற்குள் படத்தில் கோவில் போய், விதவை குதிரை வண்டியில் ஏறியிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

டார்ச்சோடு ஒரு பெண் ஓடிவந்தாள். அங்கே வேலை செய்கிறவள்.

“என்ன தாத்தா, ஏதாவது கீழ விழுந்துடுச்சா?”

அவள் என் பக்கத்தில் முழங்காலிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.